கடன் வாங்கிய வேகம்

ரமேஷ் கிருஷ்ணனைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கை என்றால் அப்படியொரு கை, டைமிங் என்றால் அப்படியொரு டைமிங், ஆனால் அந்த சர்வீஸ் மட்டும்... என்று இழுத்துவிட்டு மேலே பேச மாட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் டிசம்பர் கச்சேரியைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாகச் சண்டை போடுவார்களோ, அதே நுணுக்கத்தோடு டென்னிஸைப் பற்றியும் சண்டை போடும் தலைமுறை ஒன்று உண்டு. விஜய் அமிர்தராஜ் கட்சி, ரமேஷ் கட்சி என்று ஆரிய கௌடா சாலையில் காலை நடையின்போது இன்றும் பிரிந்து நிற்கக்கூடியவர்கள். அவர்களில் ரமேஷ் கட்சிக்காரர்கள்கூட சர்வீஸ் பேச்சு வந்ததும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த சர்வீஸும் அந்த ஃபோர்ஹேண்டும் ஒரே வேரில் முளைத்தவை. ஒன்றைத் திருத்தப் போயிருந்தால் மற்றதும் கெட்டிருக்கும். 1985 ஜனவரியில் உலகத் தரவரிசையில் 23ஆம் இடம், எட்டு ஒற்றையர் பட்டங்கள், மூன்று கிராண்ட் ஸ்லாம் காலிறுதிகள் என்று அவர் கணக்கை முடித்துவிடுவது சுலபம். அந்தக் கணக்கு எப்படிச் சேர்ந்தது என்று பார்த்தால் சர்வீஸைப் பற்றிய முணுமுணுப்பு கொஞ்சம் அடங்கும்.

அவர் அடித்த விதத்தைக் கவனியுங்கள். பந்து தரையில் பட்டு எழும்பிக்கொண்டிருக்கும்போதே, உச்சத்தைத் தொடும் முன்பே, ராக்கெட் அங்கே காத்திருக்கும். பின்வீச்சு என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. மற்றவர்கள் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுழற்றிக்கொண்டு வரும் தூரத்தில் கால் பங்குகூட அவருடைய கை பயணம் செய்யாது. டாப் ஸ்பின்னைப் போட்டுப் பிசைவதும் இல்லை. தட்டையான முகத்தோடு ராக்கெட் பந்தைச் சந்திக்கும். பந்து வந்த வேகத்திலேயே, சில சமயம் அதைவிடக் கூடுதலாகவே, திரும்பிப் போகும். அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்பதுதான் ரசிகனுக்குள்ள விருந்து. தன் கணக்கிலிருந்து அவர் போட்டது கொஞ்சம்தான். மீதி முழுவதும் எதிராளியிடம் வாங்கிய கடன். பேஸ்லைனிலேயே நின்று, காலடியில் விழும் பந்தை ஹாஃப் வாலியாக எடுத்து, அதைத் தற்காப்பாக இல்லாமல் தாக்குதலாகவே கோட்டோரத்துக்கு அனுப்புவார். மற்றவர்களுக்கு ஹாஃப் வாலி என்பது வேறு வழியில்லாமல் ஆடுவது. அவருக்கு அது விருப்ப ஆட்டம். திசையைக் கடைசி நொடிவரை மணிக்கட்டு ஒளித்து வைத்திருக்கும். பின்வீச்சே இல்லாத இடத்தில் எதிராளி எதைப் படித்துத் தெரிந்துகொள்வான்?

இப்போது சர்வீஸுக்கு வருவோம். ஆட்டத்தின் அத்தனை அடிகளிலும் எதிராளியின் பந்து இல்லாமல், எவரிடமும் எதையும் வாங்காமல், ஆட்டக்காரன் தன் சொந்த முதலைப் போட்டு அடிக்க வேண்டியது சர்வீஸ் ஒன்றுதான். தானே தூக்கிப் போட்டுக்கொண்ட பந்து காற்றில் சும்மா தொங்குகிறது. அதில் வேகம் இல்லை, எடை இல்லை, கடன் கேட்க ஆள் இல்லை. வாழ்நாள் முழுவதும் கடன் வாங்கி வியாபாரம் செய்யப் பழகிய கைக்கு அங்கே மட்டும் திகைப்பு. முதுகை வில்லாக வளைத்து, முழங்காலை மடித்து, தோளைச் சுழற்றி வேகத்தை உண்டாக்கும் உடல் வேறு ஜாதி உடல். அது பெரிய அசைவுகளில் பழகியது. பேஸ்லைனிலும் அதே பெரிய அசைவுகளையே கேட்கும். ரமேஷின் உடல் சின்ன அசைவுகளில் பழகியது. அவருக்கு போரிஸ் பெக்கரின் சர்வீஸைக் கொடுத்திருக்கலாமே என்று ஆசைப்படுகிறவர்கள், கூடவே பெக்கரின் பின்வீச்சும் வந்து சேரும் என்பதை யோசிப்பதில்லை.

அவர் சர்வீஸில் ஒரு தந்திரமும் இருந்தது என்பேன். இதை நிரூபிப்பது கடினம், ஆனால் ஆட்டங்கள் போன போக்கு இதன் பக்கம்தான். மெதுவாக வரும் சர்வீஸைப் பார்த்தால் எந்த ஆட்டக்காரனுக்கும் கை துறுதுறுக்கும், ஓங்கி அடிப்பான். ஓங்கி அடித்தால் ரமேஷுக்கு வேண்டியது வந்துவிட்டது. 1981இல், இருபது வயதில், அமெரிக்க ஓபன் காலிறுதியில் ஜான் மெக்கன்ரோவிடமிருந்து முதல் செட்டைப் பிடுங்கி, இரண்டாவது செட்டையும் டை பிரேக்கர் வரை இழுத்துக்கொண்டு போனது இந்த முதலீட்டை வைத்துத்தான். அந்த ஆண்டுப் பட்டம் மெக்கன்ரோவுக்குப் போனது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த வியாபாரம் எங்கே முறியும் என்பதும் தெரிந்ததே. 1986 விம்பிள்டன் காலிறுதியில் எதிரே நின்றவர் யூகோஸ்லாவியாவின் ஸ்லோபோடான் ஸிவோயினோவிச். எட்டாத இடத்தில் விழும் அவர் சர்வீஸில் கடன் வாங்க ஏது வழி? ராக்கெட் பந்தைத் தொட்டால்தானே வேகம் கைமாறும். அன்றைய தோல்விக்கு ரமேஷின் சர்வீஸைக் குறை சொல்லிவிட்டுப் போகலாம்தான். என் கணக்கில் ரமேஷைத் தோற்கடித்தது அவருடைய சர்வீஸ் அல்ல, எதிராளியினுடையது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். எதிராளியின் வேகம்தான் ரமேஷின் உயிர் என்றால், வேகமே தராத மாட்ஸ் விலாண்டரை எப்படி வென்றார்? 1988இல் ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓபன் மூன்றையும் வென்று, உலகின் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டு 1989 ஜனவரியில் மெல்பர்னுக்குப் பட்டத்தைக் காக்க வந்தவர் விலாண்டர். அவரை இரண்டாம் சுற்றிலேயே நேர் செட்டுகளில் வீட்டுக்கு அனுப்பினார் ரமேஷ். விலாண்டரின் வழி, ஆழமாகவும் உயரமாகவும் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்து எதிராளியைக் களைக்க வைப்பது. அங்கே கடன் கிடைக்காது, சரி. ஆனால் பந்தை எழும்போதே எடுக்கிறவனுக்கு இரண்டாவது வருமானம் ஒன்று உண்டு. எதிராளி மறுபடி இடத்துக்குத் திரும்பச் செலவிட வேண்டிய நேரத்தை அவன் பிடுங்கிக்கொள்கிறான். பொறுமையையே தொழிலாக வைத்திருந்த ஒருவருக்குப் பொறுமையாக இருக்க அவகாசமே கொடுக்காவிட்டால் அவர் என்ன செய்வார்? இன்னொன்று, விலாண்டர் சர்வீஸைப் பாய்ந்து தாக்குகிறவர் அல்லர். பத்திரமாகத் திருப்பிப் போடுகிறவர். ரமேஷின் சர்வீஸ் உண்மையில் எவ்வளவு பலவீனம் என்பது அந்தப் பக்கம் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது. அதைத் தனியாகத் தராசில் வைத்து எடை போடுவது வீண் வேலை.

விஜய் கட்சியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். விஜய் அமிர்தராஜின் உயரம், வலைக்கு வரும் மிடுக்கு, ஆரவாரம் எதையும் நான் குறைக்க வரவில்லை. 1973இல் ஃபாரஸ்ட் ஹில்ஸில் ராட் லேவரை வென்றவர் அவர். 1979 விம்பிள்டனில் போர்கிடம் இரண்டுக்கு ஒன்று என்று செட் முன்னிலை, 1981இல் கானர்ஸிடம் முதல் இரண்டு செட். இரண்டு ஆட்டமும் ஐந்தாவது செட்டில் கைநழுவின. அந்தக் கைநழுவல்களையும் காவியமாக நினைவில் வைத்திருக்கும் ரசிகர்கள், ரமேஷ் தோற்றால் மட்டும் 'பலம் போதவில்லை' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். இது தோற்றத்துக்குக் கிடைக்கும் சலுகை. பெரிய அசைவோடு தோற்றால் வீரம். சின்ன அசைவோடு தோற்றால் சோம்பல். பாடகர் எம்.டி. ராமநாதனின் சௌக்க காலத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போனவர்களும் இப்படித்தான் பேசினார்கள். அவர் வேகமாகப் பாட முடியாமல் மெதுவாகப் பாடவில்லை என்பது அவர்கள் காதுக்கு எட்டுவதற்குப் பல வருஷம் பிடித்தது. சிலருக்கு எட்டவே இல்லை.

சோம்பல் என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு: 'கொல்லும் வெறி இல்லை.' நம் ஊரில் மென்மையாக விளையாடுகிற எவரையும் இந்த வாக்கியம் துரத்தும். இதற்கு என் பதில் சிட்னி. 1987 அக்டோபரில் டேவிஸ் கோப்பை அரையிறுதி, ஆஸ்திரேலியாவின் சொந்தப் புல்தரை. எதிரே ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு, வாலி மஸூர். மஸூர் அந்த ஆண்டு ஜனவரியில்தான் பெக்கரை வென்று ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதிக்குப் போயிருந்தார். இருவருமே சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடிவருகிறவர்கள். தரை அவர்களுக்காகவே செய்தது. ரமேஷ் தன் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றார். இரண்டாவது ஆட்டம், 2-2 என்று நின்றபோது மஸூருக்கு எதிராக ஆடிய ஐந்தாவது ஆட்டம். வெறி இல்லாதவர் அந்த இடத்தில் அப்படி ஆடுவாரா என்பதை எதிர்க்கட்சி சொல்லட்டும். அந்த ஆண்டு முதல் சுற்றில் டெல்லியில் அர்ஜென்டினாவின் மார்டின் ஹைட்டேயிடம் மேட்ச் பாயின்ட்களிலிருந்து விஜய் தப்பி மீண்டு வந்திராவிட்டால் சிட்னியே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டிசம்பரில் கோத்தன்பர்க் இறுதியில் ஸ்வீடன் களிமண் தரையை விரித்து வைத்து 0-5 என்று அனுப்பிவைத்தது. அந்த ஸ்வீடன் அணியில் இருந்த விலாண்டருக்குத்தான் பதிமூன்று மாதம் கழித்து மெல்பர்னில் பதில் கிடைத்தது.

அப்பாவை வைத்து மகனை அளக்கும் பழக்கமும் மயிலாப்பூரில் பலமாக உண்டு. ராமநாதன் கிருஷ்ணனுக்கும் சர்வீஸ் மென்மைதானே, அவர் எப்படி 1960, 1961 இரண்டு விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார் என்று கேட்பார்கள். கேள்வி சரிதான். தென்காசி டி.கே. ராமநாதன் மகனுக்கும் பேரனுக்கும் கற்றுக்கொடுத்தது ஒரே பாணி. 1954இல் அப்பாவும் 1979இல் மகனும் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றதும் ஒரே பாணியில்தான். ஆனால் 1960இல் நீல் ஃப்ரேசரிடமும் 1961இல் லேவரிடமும் கிருஷ்ணன் தோற்றது அமெச்சூர் விம்பிள்டனில். கோன்சாலெஸ், ரோஸ்வால் போன்றவர்கள் அப்போது தொழில்முறைக்காரர்களாகி வெளியே இருந்தார்கள். அதைவிட முக்கியம், எல்லார் கையிலும் மர ராக்கெட். வேகத்துக்கு இயற்கையே ஓர் உச்சவரம்பு போட்டிருந்தது. 1976இல் பிரின்ஸ் நிறுவனம் பெரிய தலை ராக்கெட்டைக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிராஃபைட் மரத்தை ஓரங்கட்டியது. ரமேஷ் 23ஆம் இடத்தைத் தொட்டது 1985 ஜனவரியில். அதே ஆண்டு ஜூலையில் பதினேழு வயது போரிஸ் பெக்கர், சீடிங்கூட இல்லாமல், சர்வீஸை வைத்து விம்பிள்டனை எடுத்துக்கொண்டு போனார். ஒரு பாணியின் உச்சமும் அதன் கெடுவும் ஆறு மாத இடைவெளியில். அப்பா ஆடியது அந்தப் பாணி சட்டப்படி செல்லுபடியான காலத்தில். மகன் ஆடியது செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகும். 1966 டிசம்பரில் கல்கத்தாவில் பிரேசிலின் தோமாஸ் கோச்சிடம் இரண்டுக்கு ஒன்று என செட் பின்னடைவு, நாலாவது செட்டில் 2-5, அங்கிருந்து மீண்டு இந்தியாவை டேவிஸ் கோப்பைச் சவால் சுற்றுக்குக் கொண்டுபோன கிருஷ்ணனின் ஆட்டம் என்றும் பெரியதுதான். இருந்தும் இருவரில் யாருக்கு அந்தக் கலை கூடுதல் விலை கேட்டது என்றால், தயங்காமல் மகனுக்கு என்பேன்.

அழகு என்கிறீர்கள், அழகுக்கு ஒரு பாயின்ட் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஃபிகர் ஸ்கேட்டிங்கை நினைவூட்டலாம். அங்கே உண்டு. 2002 சால்ட் லேக் சிட்டி நடுவர் ஊழலுக்குப் பின் பழைய 6.0 முறையைத் தூக்கிவிட்டு, தாவல்களுக்கு ஒரு கணக்கு, நயத்துக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போட ஆரம்பித்தார்கள். 2009இல் ஹெல்சிங்கியில் ஐரோப்பியப் பட்டம் வென்ற பின்லாந்தின் லௌரா லெபிஸ்தோ போன்றவர்களின் வழுக்கலில் இருந்த வழவழப்புக்கு நடுவர்கள் எண் போட்டுக் கொடுக்க முடியும். அதனாலேயே, எந்த முடிவைப் பார்த்தாலும் 'அழகுக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள்' என்று யாராவது சண்டைக்கு வரவும் முடியும். ரமேஷ் விஷயத்தில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. அவருடைய நயத்துக்கு எந்த நடுவரும் ஒரு பாயின்ட் தானம் செய்ததில்லை. ஒவ்வொன்றையும் எதிராளியின் கைக்கெட்டாத இடத்தில் பந்தைப் போட்டுத்தான் சம்பாதித்தார். ஸ்கேட்டிங்கில் பொறாமைப்பட ஒரு விஷயம் மட்டும் உண்டு. 1995இல் ஐரோப்பியச் சாம்பியன்களான பின்லாந்து ஜோடி சுசான்னா ராகமோ, பெத்ரி கொக்கோ இருவரின் காலடி வைப்பு 'ஃபின்ஸ்டெப்' என்ற பெயரில் மற்ற ஜோடிகள் ஆடியே தீர வேண்டிய வடிவமாக ஆனது. 2013-14 ஒலிம்பிக் பருவத்தில் அதைத்தான் எல்லாரும் ஆடினார்கள். டென்னிஸில் ரமேஷின் ஹாஃப் வாலியை யாரும் ஆடியே ஆக வேண்டும் என்று விதி போட வழியில்லை. ஆடுகிறவர் ராக்கெட்டைக் கீழே வைத்தால் பாணியும் கீழே இறங்கிவிடுகிறது.

இறங்கித்தான் விட்டது. 1997இல் குயெர்ட்டென் பாலியெஸ்டர் நரம்போடு பாரிஸில் வென்ற பிறகு எல்லாரும் அந்த நரம்புக்கு மாறினார்கள். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் டாப் ஸ்பின் பந்தைக் கோட்டுக்குள் இழுத்துப் போட்டுவிடும் என்றானது. 2001இல் விம்பிள்டன் புல்லையும் மாற்றியது; பந்து முன்பு போலத் தாழ்ந்து வழுக்கி வருவது குறைந்து, நின்று எழும்பத் தொடங்கியது. இன்றைய ஆட்டக்காரர்கள் ரமேஷின் காலத்தவர்களைவிட வலுவானவர்கள், வேகமானவர்கள், ஒருவேளை எல்லா விதத்திலும் திறமைசாலிகள். அதை மறுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பேசுவதாகும். ஆனால் நூறு பேரின் ஃபோர்ஹேண்டை முகத்தை மறைத்துக் காட்டினால் யாருடையது என்று எத்தனை பேருடையதைச் சொல்ல முடியும்? சென்னையின் மைதானங்களிலும் எட்டு வயதிலேயே உள்ளங்கையைக் கைப்பிடிக்குக் கீழே திருப்பி, பந்தைத் தலை உயரத்துக்கு எழும்பவிட்டு, மொத்த உடலையும் சுழற்றி அடிக்கத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். பந்தை எழும்போதே எடு என்று சொன்னால் அது ஆபத்தான ஆட்டம் என்று பயிற்சியாளர்கள் சொல்லக்கூடும், உண்மையும்கூட. மயிலாப்பூர் ஆலிவர் சாலையில் கிருஷ்ணன் குடும்பத்தின் டென்னிஸ் மையம் இருந்தும் (சாலைக்கு இப்போது பாடகர் முசிறி சுப்பிரமணியம் பெயர், பொருத்தமான அண்டை வீடு), அந்தப் பாணியில் மூன்றாவது பெயர் ஒன்று உலகப் பட்டியலுக்கு ஏறி வரவில்லை. நுங்கம்பாக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த ஏ.டி.பி. போட்டியும் 2017க்குப் பிறகு புனேக்குப் போய்விட்டது. புதிதாக ஒரு கண் பழகுவதற்கு வருஷத்தில் ஒரு வாரம் இருந்தது, அதுவும் இல்லை.

கடைசியாக இரண்டு ஆட்டங்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பத்தொன்பது வயது லியாண்டர் பயஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரமேஷ் இரட்டையரில் ஆடினார். ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ஜெரால்டு, டாட் வுட்பிரிட்ஜ் ஜோடியை வென்று காலிறுதி வரை போனார்கள். அங்கே இவானிசெவிச், பிர்பிச் என்ற குரோஷிய ஜோடி நிறுத்தியது. லியாண்டர் கட்சிக்காரர்கள் அந்த வெற்றியை அவர் கால்களுக்கு எழுதுவார்கள். வலைக்கு ஓடி வருகிறவனின் காலடியில் தாழ்வாகப் பந்தை இறக்கும் கை ஒன்று பக்கத்தில் இருந்ததால்தான் அந்தக் கால்களுக்குப் பாய இடம் கிடைத்தது என்று நான் எழுதுவேன். அடுத்த ஆண்டு ஜூலையில் பிரான்ஸின் ஃப்ரெஜூஸில், களிமண்ணில், டேவிஸ் கோப்பைக் காலிறுதி. மறுபடியும் 2-2. மறுபடியும் ஐந்தாவது ஆட்டம் ரமேஷின் தலையில். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது, சர்வீஸ் இருந்ததைவிட இன்னும் மெதுவாகியிருந்தது. எதிரே ரொடோல்ஃப் கில்பெர், சொந்த நாடு, சொந்த மண். சர்வீஸுக்கு மதிப்பு மிகக் குறைந்த தரை உலகத்தில் களிமண்தான். கில்பெரை வென்று இந்தியாவை அரையிறுதிக்கு அனுப்பினார் ரமேஷ். சண்டிகரில் ஆஸ்திரேலியாவிடம் அணி தோற்றது. அந்த ஆண்டோடு அவர் ஓய்வு பெற்றார்.